ஜாதகம் யாருடையது?

அன்புள்ள ஐயா,

சென்ற மாசியில் அப்பா தவறிவிட்டார். கோவில்பட்டிப் பக்கம் கிராமத்து வீட்டை ஒழித்தபோது பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஏழெட்டுப் பத்திரங்கள், தீர்வை ரசீதுகள், இரண்டு மொய் நோட்டு, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன ஒரு புகைப்படம், ஒரு ஜாதகம். ஜாதகத்தில் ‘பார்த்திப வருஷம் ஐப்பசி மாதம்’ என்றிருக்கிறது. அப்பா 1945இல் பிறந்தவர். ஆனால் அவருக்கு வைத்தது அவருடைய தாத்தா பெயர் என்பதால் இது யாருடையது என்று குழப்பம். நாலு தலைமுறைக்காவது குடும்ப வரலாற்றை எழுதிவைக்க ஆசை. எங்கே தொடங்குவது? தாள்கள் மடிப்பில் கிழிகின்றன, லேமினேட் செய்துவிடலாமா? அப்பாவின் அக்கா கழுகுமலையில் இருக்கிறார். 84 வயது. நினைவு முன்னே பின்னே ஆகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் இளகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும். பிறகு எவராலும் பிரிக்க முடியாது. தாளில் இருந்த ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொண்டு நாளாக ஆகப் பழுப்பேறும். செல்லோடேப்பும் வேண்டாம். அதன் பசை சில வருஷங்களில் மஞ்சளாகி எழுத்தின் மேல் கறையாக நின்றுவிடும்.

ஆனால் பெட்டி காத்திருக்கும். அத்தை காத்திருக்க மாட்டார். இந்த வாரமே கழுகுமலைக்குப் போங்கள். காலையில், அவர் சாப்பிட்டுச் சற்று ஓய்ந்த பிறகு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் பேசுங்கள். ஃபோனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மேசைமேல் அல்ல, அவர் மடிக்குப் பக்கத்தில் துணிமேல் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தச் சத்தம்தான்.

‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் அவருக்குத் திகைப்புத்தான் வரும். நயா பைசா வந்ததற்கு (1957) முன்னாலா பின்னாலா, தனுஷ்கோடிப் புயலின்போது (1964 டிசம்பர்) மூத்த பிள்ளை பிறந்தாயிற்றா, எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது (1967 ஜனவரி) எந்த வீட்டில் இருந்தீர்கள் என்று கேளுங்கள். ஆச்சி பிறந்த ஊருக்கு எந்த வழியாக வண்டி கட்டிப் போவார்கள், அத்தையின் கல்யாணத்துக்குத் தாய்மாமனாக முன்னால் நின்றவர் யார், யார் யாருக்குச் சீர் கொண்டுவந்தார்கள் என்பவை அவருக்குத் தடுமாறாது. நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவரும் அறுபது வருஷத்துக்கு முந்தைய சீர்வரிசையை வரிசை பிசகாமல் சொல்வார். மொய் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். பெயரைப் படித்துக் காட்டினால் நினைவு தானாகத் திறக்கும்.

மொய் நோட்டை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பத்திரங்கள் ஆண்வழியைத்தான் பேசும். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஏழு தலைமுறை போகும், பெண் பெயர் அபூர்வமாகத்தான் வரும். மொய் நோட்டில் ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, பெயர், தொகை என்று ஊர்வாரியாக எழுதியிருப்பார்கள். பக்கத்தின் தலையில் தாய்மாமன் மொய் இருக்கும். பெரும்பாலும் அந்த ஊர்தான் மணமகளின் அல்லது மணமகனின் தாய் பிறந்த ஊர். ஒரே ஊரில் ஒரே முதலெழுத்தில் நாலு பேர் வரிசையாக வந்தால் அவர்கள் அண்ணன் தம்பிகளாக இருக்க வாய்ப்பு அதிகம். அத்தையிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். வீட்டிலுள்ள பித்தளைப் பானை, குத்துவிளக்கு, எவர்சில்வர் தூக்குகளின் விளிம்பையும் பாருங்கள். சீராக வந்தவற்றில் பெண்ணின் பெயரும் சில சமயம் தேதியும் வெட்டியிருக்கும். பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும் முன் அந்த வெட்டைப் படம் எடுத்துவிடுங்கள்.

பெண்கள் பத்திரத்தில் தலைகாட்டும் இடம் முக்கியமாக இரண்டு. தகப்பன் இறந்து பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால் ‘மைனர் இன்னாருக்குத் தாயார் கார்டியன்’ என்று எழுதி, மைனரின் வயதையும் சொல்லியிருக்கும். அதிலிருந்து பிறந்த வருஷத்தைக் கழித்தெடுக்கலாம். இரண்டாவது, 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பிறகு சகோதரிகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரங்கள். அவற்றில் ஒவ்வொருத்தியின் கணவர் பெயரும் புகுந்த ஊரும் கிடைக்கும். எனக்குத் தெரிந்தவரை பெண்வழியைத் தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் இல்லை.

பத்திரத்தின் பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ‘1-ம் புத்தகம், இத்தனையாவது வால்யூம், இத்தனை பக்கங்கள், இன்ன வருஷத்து இத்தனையாவது நம்பர்’ என்று பதிவுக் குறிப்பு இருக்கும். பத்திரத்தில் குறிப்பிட்டிருக்கும் முந்தைய பத்திரத்துக்கும் இப்படி நம்பர் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். 1-ம் புத்தகம் அசையாச் சொத்துக்கானது, யாரும் பார்வையிடவும் நகல் பெறவும் உரிமை உண்டு. உயில்கள் 3-ம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்த பிறகே மற்றவர்கள் நகல் கேட்க முடியும். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம்தான், ஆனால் மிகப் பழைய வருஷங்களுக்குப் பெரும்பாலும் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் கையால்தான் தேடவேண்டும். ‘கிடைக்கவில்லை’ என்று பதில் வந்தால் அத்துடன் விடாதீர்கள். உங்கள் கிராமம் அப்போது வேறொரு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்திருக்கலாம். பத்திரத்தின் முத்திரையில் அந்த அலுவலகத்தின் பெயர் இருக்கும்.

தீர்வை ரசீதுகளில் காணும் வருஷம் பசலி, அதாவது நிலவரிக் கணக்கு ஆண்டு. ஜூலையில் தொடங்கும். 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியை மட்டும் நம்பாதீர்கள். ஜூனில் சேர்ப்பதற்கு வயது காட்டவேண்டி மே மாதத் தேதியாக எழுதிக்கொண்டவர்கள் ஊருக்கு நூறு பேர்.

குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி நோட்டு பூசாரியிடமோ கணக்கு வைத்திருக்கும் பங்காளியிடமோ இருக்கும். கொடைக்குப் போகும்போது பார்த்துவிடுங்கள். பிரிந்துபோன கிளைகள் அதில்தான் ஒட்டியிருக்கும்.

இனி ஜாதகம். பார்த்திப வருஷம் 1885–86இலும் வந்தது, 1945–46இலும் வந்தது. தாத்தாவுக்கும் பேரனுக்கும் சரியாக ஓர் அறுபது வருஷச் சுற்று இடைவெளி இருக்கலாம், பெயரும் ஒன்று. தகப்பன் பெயர் எழுதியிருந்தால் வேலை முடிந்தது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இல்லை போலிருக்கிறது. தாளின் பழமையை வைத்து முடிவு கட்டாதீர்கள். பழைய ஜாதகத்தைப் புதுத் தாளில் பெயர்த்தெழுதுவது வழக்கம்.

குருவும் சனியும் நிற்கும் ராசியைப் பார்க்கச் சொல்வார்கள். இந்த விஷயத்தில் அவை உதவாது. குரு ஏறக்குறைய 12 வருஷத்திலும் சனி ஏறக்குறைய 30 வருஷத்திலும் ஒரு சுற்று வருவதால், 60 வருஷம் கழித்து இரண்டும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகுவைப் பாருங்கள். அதற்கு ஒரு சுற்று சுமார் பதினெட்டரை வருஷம். 60 வருஷத்தில் மூன்று சுற்று முடித்து இன்னும் ஏறக்குறைய மூன்று ராசி பின்னால் போயிருக்கும். அடுத்தது கிழமை. தமிழ்த் தேதி ஒன்றேயானாலும் 60 வருஷத்தில் கிழமை ஒன்றோ இரண்டோ பின்னுக்குப் போகும். 1885இல் அது வெள்ளிக்கிழமையானால் 1945இல் புதனோ வியாழனோதான். நட்சத்திரமும் மூன்று நான்கு தள்ளும். இந்த மூன்றையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் யாருடையதென்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும். உங்கள் பக்கத்து ஜாதகங்களில் கொல்லம் ஆண்டும் எழுதுவதுண்டு. ஐப்பசியில் 1061 என்றிருந்தால் 1885, 1121 என்றிருந்தால் 1945.

இதே காரணத்தால் வம்சாவளி எழுதும்போது வெறும் பெயரை எழுதாதீர்கள். தாத்தா பெயர் பேரனுக்கு என்று மாறி மாறி வரும் வீட்டில் இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், மனைவி பெயர், உயிரோடு இருந்ததாகக் கடைசியாகத் தெரியும் வருஷம், அதை எந்தத் தாளில் அல்லது யார் வாயால் அறிந்தீர்கள் என்ற நாலும் வேண்டும்.

தாள்களை அலுமினியப் பெட்டியிலோ தரையிலோ வைக்காமல், கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த வெள்ளைக் காடாத்துணியில் சுற்றி பீரோவின் மேல்தட்டில் படுக்கவையுங்கள். குண்டூசி, ஸ்டேப்ளர் பின்களை முதலில் கழற்றுங்கள். துரு தாளைத் தின்றுவிடும். மடிப்பை விரித்துச் சில நாள் கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் போதும், நீவவோ இஸ்திரி போடவோ வேண்டாம். ஸ்கேன் செய்யும்போது பத்திரத்துக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600, எல்லாம் வண்ணத்தில், வெற்றுப் பின்பக்கம் உட்பட. மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டில் வையுங்கள்.

கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிரிக்காதீர்கள். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் படலம்தான் ஒட்டியிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். அல்லது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, எதிரே கறுப்புத் துணி பிடித்து ஃபோனில் நேராக எடுங்கள். அந்தப் பிரதியை அத்தையிடம் காட்டி இடமிருந்து வலமாகப் பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கழுகுமலையிலிருந்து திரும்பியதும் ஜாதகத்தில் உள்ள கிழமை, நட்சத்திரம், ராகு நிற்கும் ராசி மூன்றையும் எழுதி அனுப்புங்கள். சேர்ந்தே பார்த்துவிடுவோம்.