வாசகர் கேள்வி – பதில்: சோளகமும் அயர்லாந்துக் கோடையும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதி காற்றைப் பற்றியவை. மூன்று அயர்லாந்தில் உறவுகள் இருக்கும் வீடுகளிலிருந்து வந்தவை. மற்றவை சோளகத்தில் (தென்மேற்குக் காற்றில்) தோட்டமும் திடீர் மழையில் நெல்லும் அடிபட்டவர்களுடையவை. இரண்டையும் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: மகள் டப்ளினில் இருக்கிறாள். ஜூலையில் போய் இரண்டு மாதம் நிற்கப் போகிறேன். “அம்மா, இங்க கோடை கோடை மாதிரி இல்லை, ஒரே காத்தும் தூறலும்” என்கிறாள். கோடையிலுமா அப்படி? என்ன உடுப்புக் கொண்டு போகலாம்?
*– ஒரு தாய், உருத்திரபுரம்*

பதில்: கோடை என்றதும் வன்னிக் கோடையை நினைத்துவிடாதீர்கள், அம்மா. அயர்லாந்தில் ஜூலைப் பகலின் வெப்பம் வழக்கமாகவே 18 முதல் 20 பாகை செல்சியஸ் வரைதான் ஏறும். இரவில் 10, 12 பாகைக்கு இறங்கும். மார்கழிப் பனியில் நாங்கள் போர்த்திக்கொண்டு எழும்பும் விடியற்காலையிலும் இங்கே 20 பாகையளவு இருக்கும் என்பதை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அங்கும் பெரும்பாலும் வீசுவது தென்மேற்குக் காற்றுத்தான், நமது சோளகத்தைப் போல. ஆனால் நமக்கு வரும் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு வரண்டு இறங்குகிறது. அயர்லாந்துக்கு வருவதோ அத்திலாந்திக் சமுத்திரத்தின் ஈரத்தோடு நேரே கரையேறுகிறது. அந்தச் சமுத்திரத்திலுள்ள அசோரஸ் தீவுகளின் பக்கமுள்ள உயரமுக்கம் (காற்றழுத்தம் கூடிய பகுதி) வடக்கே பரந்து நின்றால் அவர்களுக்கு நல்ல வெயில். அது விலகினால் தாழமுக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டேயிருக்கும். 2023இல் ஜூன் மாதம் அதுவரை பதிவான ஜூன்களிலேயே வெப்பமானது. அதே வருட ஜூலையோ பதிவான ஜூலைகளிலேயே மழை கூடியது. 2024 கோடை 2015க்குப் பின் வந்த மிகக் குளிர்ந்த கோடை. 2025 கோடை அந்நாட்டுப் பதிவில் மிக வெப்பமானது. ஆகவே போன வருடம் போய்வந்தவர் சொன்னதை நம்பிப் பெட்டி கட்டவேண்டாம்.

குளிரை விடக் காற்றுக்குத்தான் ஆயத்தம் வேண்டும். உடம்பைச் சுற்றி மெல்லிய சூட்டுப் படை ஒன்று எப்போதும் நிற்கிறது. காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. 15 பாகையில் காற்றில்லாத முற்றத்தில் இருக்கலாம், அதே 15 பாகையில் கடற்கரைக் காற்றில் பத்து நிமிடம் நிற்க முடியாது. ஒரு தடித்த உடுப்பை விட மூன்று மெல்லிய அடுக்குகளே உதவும். உடம்போடு ஒட்டும் நீட்டுக்கைப் பெனியன் ஒன்று, அதன்மேல் கம்பளி ஸ்வெற்றர், வெளியே காற்றும் மழையும் புகாத, தொப்பி வைத்த ஜக்கெற். உள் அடுக்கு பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி நனைந்தால் இலகுவில் காயாது. ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டேயிருக்கும். சேலைதான் உடுப்பீர்கள் என்றால் உள்ளே இறுக்கமான கம்பளிக் காற்சட்டை போட்டு, முழங்கால் வரை நீண்ட ஜக்கெற்றாக எடுங்கள். செருப்பு வேண்டாம், காலுறையும் மூடிய சப்பாத்தும் வேண்டும். காதுகளை மூட ஒரு சால்வை. குடைக்குக் காசு செலவழிக்கவேண்டாம், அங்குள்ள காற்றில் அது மறுபக்கம் புரண்டு கம்பி முறியும். ஜக்கெற்றை இங்கே தேடி அலையாமல் அங்கேயே வாங்குங்கள். ஆனால் விமானத்தால் இறங்கும்போது போட ஒரு ஸ்வெற்றர் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று: ஜூன் கடைசியில் டப்ளினில் ஐந்து மணிக்கே சூரியன் உதித்து இரவு பத்து மணியளவில்தான் மறையும். கண்ணுக்கு இருட்டாகும் வரை காத்திருந்தால் நித்திரை கெடும். தடித்த யன்னல் சீலை போடச் சொல்லுங்கள். மருந்துக் குளிசைகளை மணிக்கூட்டைப் பார்த்து எடுங்கள், வெளிச்சத்தைப் பார்த்து அல்ல.

கேள்வி: மருமகள் அங்கே உடுப்பை வீட்டுக்குள்தான் காயப்போடுகிறாளாம். அலுமாரிக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கிறதாம்.
*– பரந்தன் வாசகி*

பதில்: ஒருதடவை தோய்த்த உடுப்பிலிருந்து இரண்டு லீற்றரளவு தண்ணீர் வீட்டுக் காற்றில் கலக்கும். அது குளிர்ந்த வெளிச்சுவரில் பனித்துப் பூஞ்சணமாகிறது. உடுப்பை ஒரே அறையில் போட்டு, கதவைச் சாத்தி, அந்த அறை யன்னலை மட்டும் கொஞ்சம் திறந்துவிடவேண்டும். அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கட்டும். சோறு வடிக்கும்போதும் பொரிக்கும்போதும் குசினி விசிறி ஓடவேண்டும். எங்கள் சமையலில் எழும் ஆவி கொஞ்சநஞ்சமல்ல. வானம் மாறிமாறி இருக்கும் நாளில் அயர்லாந்து வானிலை நிலையத்தின் மழை ராடர் படத்தைப் பார்த்தால் அடுத்த ஒரு மணித்தியாலம் மழை வருமா என்று ஓரளவு தெரியும். காற்று அடிக்கும் நாளில் வெயிலே இல்லாவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் உடுப்பு பாதி காய்ந்துவிடும். அந்த இடைவெளியை விடக்கூடாது.

கேள்வி: அயர்லாந்தில் இருக்கும் தம்பி வளவில் மிளகாயும் கத்தரியும் வெண்டியும் நட்டான். பூக்கிறது, எல்லாம் கொட்டுகிறது. வெண்டி மஞ்சளாகி நிற்கிறது. என்ன போடலாம்?
*– ஓர் அக்கா, புதுக்குடியிருப்பு*

பதில்: பசளையில் பிழையில்லை, இரவுக் குளிரில்தான். இரவு 12, 13 பாகைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் மிளகாய்ப்பூ காய் பிடிக்காமல் உதிரும். கத்தரி அதைவிடச் சூடு கேட்கும். வெண்டிக்கு மண்ணே 20 பாகையளவில் இருக்கவேண்டும். அங்கே வெளிநிலத்தில் அது கனவு. அவர் பசளையைக் கூட்டினால் இலைதான் பெருகும்.

மிளகாயை மாசியில் வீட்டுக்குள் நாற்றுப்போட்டு, தெற்குப் பார்த்த யன்னலோரத்தில் அல்லது பொலித்தீன் கூடாரத்தில் சட்டியில் வளர்க்கட்டும். உள்ளே தேனீ குறைவு, அதனால் பூத்த செடியை மதியத்தில் விரலால் மெல்லத் தட்டவேண்டும். கூடாரத்தின் கதவை வெயில் நேரம் திறந்துவிடாவிட்டால் ஈரம் தேங்கி பூஞ்சணம் வரும். பொலித்தீனை மூடுவதற்குச் சூடான நாளைத் தெரிவுசெய்யவேண்டும். சூட்டில் இளகியிருக்கும் தாளை இழுத்துக் கட்டினால் குளிரில் இன்னும் இறுகும். தளர்ந்த தாள் காற்றில் படபடத்து ஒரு கிழமையில் கிழியும். ஓரங்களை ஓரடி ஆழ வாய்க்காலில் இறக்கி மண்ணால் மிதிக்கவேண்டும்.

வெளியே அந்தக் காலநிலைக்குப் பொருந்தியவற்றைப் போடட்டும்: கோவா, கரட், பீற்றூட், லீக்ஸ், கொத்தமல்லி, வெந்தயக்கீரை. நம் வெயிலில் கொத்தமல்லி அவசரமாகப் பூத்துவிடும், அங்கே நின்று இலை தரும். உருளைக்கிழங்கும் வரும், ஆனால் குளிர்ந்த ஈரக் கோடைதான் வெளிறல் நோயின் காலம். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பெரும்பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய். 10 பாகைக்குக் குறையாத வெப்பமும் 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதனும் 12 மணி நேரம் சேர்ந்து நின்றால் தொற்றும் என்பது அங்கே பின்பற்றப்படும் கணக்கு. வானிலை நிலையமே எச்சரிக்கை விடும். இலையில் கபில நிறப் புள்ளியும் அடியில் வெள்ளைப் பூச்சும் கண்டால் செடியின் மேற்பகுதியை வெட்டி அகற்றி, இரண்டு கிழமை விட்டுக் கிழங்கைத் தோண்டவேண்டும். உடனே தோண்டினால் மண் மேலிருக்கும் வித்திகள் கிழங்கில் ஒட்டிச் சேமிப்பில் அழுகும்.

கேள்வி: சோளகத்தில் வாழை இலை நார்நாராகக் கிழிகிறது, குலை போட்ட வாழை சாய்கிறது. தென்மேற்கில் கிடுகை நெருக்கி அடைத்தும் பலனில்லை. மிளகாயும் சுருள்கிறது.
*– ஒட்டுசுட்டான் தோட்டக்காரர்*

பதில்: நெருக்கி அடைத்ததுதான் பிழை. முழுதாக மூடிய வேலியில் மோதும் காற்று மேலே ஏறி, பின்புறம் சுழன்று விழும். அந்தச் சுழல்தான் வேலிக்கு இரண்டு மூன்று வாழை தள்ளி நிற்பதைச் சாய்க்கிறது. வேலியில் பாதி மூடியும் பாதி திறந்தும் இருந்தால் காற்று வடிந்து வேகம் தணியும். கிடுகுகளுக்கிடையே நாலு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள், அல்லது பனைமட்டையை வரிச்சாக்குங்கள். 2 மீற்றர் உயர வேலி தன் உயரத்தின் பத்து மடங்கு தூரம், அதாவது 20 மீற்றர் வரை, காற்றைக் குறைக்கும். நல்ல மறைவு முதல் 10 மீற்றரில்தான். வேலி தோட்டத்தின் ஓரத்தோடு நின்றுவிடாமல் இருபுறமும் சில மீற்றர் நீளட்டும், காற்று நுனியைச் சுற்றி உள்ளே வரும்.

நிரந்தர மறைவுக்கு சீமைக்கிளுவை. ஐந்தடிக் கதியாலை ஓரடி ஆழத்தில், இரண்டடிக்கு ஒன்றாக, இரண்டு வரிசையில் மாறிமாறி நடுங்கள். ஐப்பசி மழையோடு நட்டால் அடுத்த சோளகத்துக்கு முன் வேர் பிடித்திருக்கும். இப்போது நட்டால் காய்ந்துபோகும்.

குலை போட்ட வாழைக்கு இரண்டு கவைத்தடிகளைக் குறுக்காக மாட்டி, குலைத்தண்டு வளையும் இடத்துக்குக் கீழே தாங்குங்கள். காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் மரம் விழுவது வடகிழக்கே, தாங்கல் அந்தப் பக்கம் வேண்டும். கிழிந்த இலையை வெட்டவேண்டாம். நார்நாராக இருந்தாலும் பச்சையாக இருக்கும்வரை அது குலைக்கு உணவு தருகிறது. எட்டு இலையாவது நிற்கவேண்டும்.

மிளகாயில் சுருள் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்நோக்கிச் சுருண்டு நுனி இறுகினால் சிற்றுண்ணி. நனையும் கந்தகத் தூள் உண்ணிக்குக் கேட்கும், பனிப்பூச்சிக்குக் கேட்காது. அதையும் உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். செடியடியில் வைக்கோல் பரப்பி, காற்று அடங்கியிருக்கும் விடியற்காலையில் தண்ணீர் கட்டுங்கள்.

கேள்வி: சிறுபோக நெல்லைக் காயப்போட்ட நேரம் திடீர் மழை. மறுபடி காயவைத்துக் குற்றினால் குறுநொய்தான் கூட.
*– இரணைமடுக் கமக்காரர்*

பதில்: காய்ந்த மணி திரும்ப நனைந்தால் உள்ளே வெடிக்கும், அந்த வெடிப்பு ஆலையில் முறியும். தார் றோட்டில் நேரே பரப்பாமல் படங்கு விரித்து, 3 முதல் 5 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கொருமுறை கிளறுங்கள். படங்கின் பாதி வெறுமையாக இருக்கட்டும், மழை இருட்டினால் அந்தப் பாதியை மடித்து மூட ஒரு நிமிடம் போதும். மாலையில் குவித்து மூடுங்கள், பனியும் மணியை நனைக்கும். பல்லால் கடித்தால் நசியாமல் ‘டக்’ என்று உடையவேண்டும். ஈரம் 14 சதவீதத்துக்கு மேலிருக்க மூட்டை கட்டவேண்டாம்.