தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற இடத்தில் தூசி ஏது?

கேள்வி: என் கணவர் நிலக்கரி கழுவும் ஆலையில் 17 வருடமாக வேலை பார்க்கிறார். முதல் 11 வருடம் கிரஷருக்குக் கீழே பெல்ட் பார்க்கிற வேலை, இப்போது சல்லடை மாடியில். ஒரு வருடமாக விடாத இருமல். படி ஏறினால் நடுவில் நின்றுவிடுகிறார். ஆலையின் வருடாந்திரப் பரிசோதனையில் "எக்ஸ்ரே நார்மல், சிகரெட்டை நிறுத்துங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். (நாளைக்கு நாலைந்து பிடிப்பார், உண்மைதான்.) நான் கேட்டால், "நாங்கள் என்ன சுரங்கத்துக்குள்ளா போகிறோம்? தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற இடத்தில் தூசி ஏது?" என்கிறார். போன மாதம் அவரோடு வேலை செய்பவரின் கை பெல்ட்டில் சிக்கி, முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது. "அவன் கவனக்குறைவு" என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்களாம். இப்போதெல்லாம் இவர் டிவியை அலறவிடுகிறார், கூப்பிட்டால் காதில் விழுவதில்லை. எனக்குத் தூக்கமே போய்விட்டது. வேலையை விட்டுவிடச் சொல்லட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

வேலையை விடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியங்கள் சில இருக்கின்றன. அவசரப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அவற்றில் பாதியைச் செய்வது கஷ்டமாகிவிடும். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கணவரின் கேள்வி. கழுவும் ஆலைகளுக்கு மருத்துவராகப் போய்வந்த வருடங்களில் இதே கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு மேனேஜர்களும் அடக்கம்.

ஆலையில் தண்ணீர் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று அவரிடமே கேளுங்கள். கரியைக் கொட்டுகிற ஹாப்பர், அதை உடைக்கிற கிரஷர், ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குக் கரி விழுகிற இடங்கள், எல்லாமே தண்ணீருக்கு முன்னால் இருப்பவை. அவர் 11 வருடம் நின்றது அங்கேதான். சரி, இப்போது நிற்கிற சல்லடை மாடி ஈரம்தானே என்பார். ஈரம்தான். ஆனால் சல்லடை அதிர அதிரத் தெறிக்கிற கரிச்சேறு உத்திரத்திலும் கைப்பிடிக் கம்பியிலும் படியிலும் அப்பிக்கொள்கிறது. இரண்டு நாளில் காய்ந்து பொடியாகிறது. அப்புறம் ஒருவர் துடைப்பத்தோடு வருகிறார். இன்னும் மோசம், காற்றுக் குழாயை எடுத்து ஊதித் தள்ளுகிறார். ஷிஃப்ட் முடிந்ததும் அதே குழாயால் சட்டையிலும் ஊதிக்கொள்கிறார்கள். அந்தச் சேறு கரியிலேயே மிக நுண்ணிய பகுதி. ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்ததும் நேராக நுரையீரலுக்குப் போகிற அளவு.

மூக்கைக் கறுப்பாக்குகிற தூசியைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. பெருந்துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் நின்று சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடிப்பைகள் வரை போவது பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் கணக்குப் புரியும். அவை மிதக்கிற காற்று பார்வைக்குச் சுத்தமாகவே இருக்கும். சாதாரணத் துணியை முகத்தில் கட்டிக்கொள்வது இந்த அளவுத் துகளுக்குப் போதாது. என்95 மாதிரியான முகமூடி தடுக்கும், அதுவும் முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால்தான். தாடி வைத்திருந்தால் ஓரத்தில் இடைவெளி விழுந்துவிடும்.

இன்னொன்றை அவர் மறந்துவிட்டார். கரியைக் கழுவுவதே கல்லைப் பிரித்தெடுக்கத்தானே? அந்தக் கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதாவது சிலிக்கா. கரித்தூசியைவிடக் கொடியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோயும் எளிதில் வரும். அதனால் இருமலுக்குச் சளிப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். சளியில் ரத்தம், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை முழுக்கப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

"நாங்கள் சுரங்கத் தொழிலாளி இல்லை" என்பதற்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் 1969-ஆம் வருடச் சட்டம் 'நிலக்கரிச் சுரங்கம்' என்கிற சொல்லுக்குள்ளேயே கரியைப் பதப்படுத்துகிற ஆலையையும் சேர்த்திருக்கிறது. அங்கே 2014-இல் வந்த விதிகள், நிலத்துக்கு மேலே வேலை செய்பவர்களுக்கும் எக்ஸ்ரேயும் மூச்சுச் சோதனையும் தரவேண்டும் என்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கரித்தூசி நுரையீரலில் படிந்து வருகிற கருப்பு நுரையீரல் நோய் ஒழிந்துவிட்டது என்றே பல காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2015-இல் மறுபடி நோயாளிகள் வந்தார்கள். பழைய எக்ஸ்ரேக்களை எடுத்துப் பயிற்சி பெற்றவர்களிடம் காட்டியபோது, முன்பு 'நார்மல்' என்று தள்ளிவைத்த சில படங்களில் நோயின் அடையாளம் இருந்தது. பிறகு குயின்ஸ்லாந்து மாநிலம் தன் தொழிலாளர்களின் படங்களை அமெரிக்காவிலிருந்த பயிற்சி பெற்ற வாசிப்பாளர்களுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. விசாரணையும் சுரங்கத்தோடு நிற்கவில்லை. கரி ஏற்றுகிற துறைமுகம், ரயில், அனல்மின் நிலையம் வரை போனது.

ஆகவே உங்கள் கணவரின் 'நார்மல்' எப்படிப்பட்ட நார்மல் என்று பார்க்க வேண்டும். படத்தை யார் படித்தார்கள்? தூசி நோய்க்கான எக்ஸ்ரேயைப் படிக்க ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு வகைப்பாட்டு முறை வைத்திருக்கிறது. மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புள்ளிகள் எத்தனை, எந்த அளவு என்று ஒப்பிட்டு எழுதுகிற முறை. சாதாரணமாக மார்பு எக்ஸ்ரே பார்க்கிறவருக்குத் தொடக்கநிலைப் புள்ளிகள் தவறிப்போவது சகஜம். படத்தின் நகலை வாங்கி, நுரையீரல் மருத்துவரிடம் "தொழில்சார் தூசி நோய்க்காக, ஐ.எல்.ஓ. முறையில்" என்று சொல்லிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அவரே சி.டி. ஸ்கேன் எழுதுவார்.

படம் நிஜமாகவே சுத்தமாக இருந்தாலும் விஷயம் முடிந்துவிடாது. கரித்தூசி படத்தில் புள்ளி விழாமலே மூச்சுக்குழாய்களைக் கெடுக்கும். நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி, எம்ஃபிசீமா (நுரையீரலின் காற்றுப்பைகள் சிதைவது) என்று பெயர்கள். 2010-இல் திருத்தப்பட்ட ஐ.எல்.ஓ.வின் தொழில் நோய்ப் பட்டியலில், கரித்தூசியால் வரும் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயும் இடம்பெற்றிருக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது ஸ்பைரோமெட்ரி, ஊதிப் பார்க்கிற சோதனை. முழு மூச்சு இழுத்து, ஓங்கி, இனி ஊத முடியாது என்கிறவரை ஊத வேண்டும். குறைந்தது மூன்று தடவை சரியாக வரவேண்டும். "லேசாக ஊதினார், போதும்" என்று எழுதிவிட்ட ரிப்போர்ட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இதில் ஒரு சூட்சுமம். அந்த வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டிய அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக 'நார்மல்' என்று எழுதிவிடுவார்கள். வேலையில் சேர்ந்தபோது ஒருவர் 110 சதவீதம் ஊதியிருக்கிறார், இப்போது 85 சதவீதம் என்று வையுங்கள். காகிதத்தில் இரண்டுமே நார்மல். ஆனால் அந்த மனிதர் தன் மூச்சில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டார். அதனால் இந்த வருட ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பலனில்லை. சேர்ந்த நாளிலிருந்து எடுத்த எல்லா ஸ்பைரோமெட்ரியும் வேண்டும், வருடவாரியாக.

சிகரெட் விஷயத்தில் ஆலை சொன்னது பொய் இல்லை. நிறுத்தத்தான் வேண்டும், இன்றைக்கே. புகையும் தூசியும் ஒரே நுரையீரலில் ஒன்றின்மேல் ஒன்று சேரும். ஆனால் "சிகரெட்தான் காரணம்" என்று சொல்லித் தூசியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிற தந்திரம் ரொம்பப் பழையது. சிகரெட்டே தொடாத கரித் தொழிலாளிகளுக்கும் இந்த நோய் வருகிறது.

மருத்துவரிடம் போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள். நோயாளி "கரி ஆலை" என்றால் பல மருத்துவர்கள் அதற்குமேல் கேட்பதில்லை. எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எந்த மெஷினுக்குப் பக்கத்தில், ஷிஃப்டுக்கு எத்தனை மணி நேரம், தண்ணீர் தெளிப்பான் வேலை செய்ததா, துடைப்பமா தண்ணீர்க் குழாயா, முகமூடி கொடுத்தார்களா, என்ன மாதிரி முகமூடி. கொஞ்ச நாள் ஆய்வுக்கூடத்தில் மாதிரி அரைக்கிற வேலைக்குப் போட்டிருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். கரியை மாவாக அரைக்கிற அந்தச் சின்ன அறையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பராமரிப்பு ஷட்டவுனில் வெல்டிங் பக்கத்தில் நின்றிருந்தாலும் எழுதட்டும். ஒரே நாளில் உட்கார்ந்து எழுத முடியாது. ஒரு வாரம் ஆகும். பழைய சகாக்களோடு பேசினால் வருடங்கள் ஞாபகத்துக்கு வரும்.

இனி அந்தக் கை.

"கவனக்குறைவு" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். சாதாரண கன்வேயர் பெல்ட் நொடிக்கு இரண்டரை மீட்டர் ஓடும் என்று வையுங்கள். சட்டைக் கை மாட்டியதை உணர்ந்து இழுக்க ஒரு மனிதருக்கு அரை நொடியாவது வேண்டும். அந்த அரை நொடியில் பெல்ட் ஒன்றேகால் மீட்டர் போயிருக்கும். விரலிலிருந்து தோள்வரை அவ்வளவு நீளமே கிடையாது. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அதனால்தான் பெல்ட்டைச் சுழற்றுகிற உருளைக்குள், அதாவது புல்லிக்குள், பெல்ட் நுழைகிற அந்த இடுக்குக்குக் கை போகவே முடியாதபடி இரும்பு வலைக் கார்டு போடுகிறார்கள்.

ஒரு ஆலையில் நான் பார்த்தது: டெயில் புல்லியின் (பெல்ட்டின் பின்முனை உருளை) கார்டு கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் யாரோ சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார்கள். ஆணி அடித்த மாதிரி, அதுதான் பையின் இடம் என்று ஆகிவிட்டது. ஏன் கழற்றினீர்கள் என்றேன். புல்லிக்கு அடியில் கரி சிந்திக் குவிகிறது, கார்டு இருந்தால் மண்வெட்டி நுழையாது என்றார்கள். கரி ஏன் சிந்துகிறது என்றேன். பெல்ட்டில் கரியை இறக்குகிற சரிவுக்குழாயின் ஓரத்து ரப்பர் தேய்ந்துவிட்டது, மாற்றக் கேட்டு ஏழெட்டு மாதமாகிறது என்றார்கள். பெல்ட்டை நிறுத்திவிட்டு அள்ளக்கூடாதா என்றேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிறுத்தினால் டன் கணக்கு குறையும்.

உங்கள் கணவரின் நண்பருடைய விபத்திலும் இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். கார்டு இருந்ததா? பெல்ட் ஓடும்போது சுத்தம் செய்யச் சொன்னது யார்? ஓரமாகப் போகிற அவசரக் கயிறு, இழுத்தால் நின்றதா? பெல்ட்டை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, வேலை செய்கிறவர் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்கிற வழக்கம் அங்கே உண்டா? உங்கள் கணவர் நேரில் பார்த்தவற்றைத் தேதியோடு எழுதிவைக்கட்டும். நண்பருக்கு இழப்பீடு வரும்போது அது உதவும். இவரும் ஓடுகிற பெல்ட்டின் அடியில் மண்வெட்டி போடுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். கடுமையான, உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகுகிறவரைத் தண்டிக்கக்கூடாது என்று ஐ.எல்.ஓ.வின் 1981-ஆம் வருட 155-வது உடன்படிக்கை சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தில் அது எப்படி இருக்கிறது என்று தொழிற்சங்கத்தில் கேளுங்கள். தனியாளாகப் போய் மேற்பார்வையாளரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். நாலு பேராகப் போகட்டும்.

வேலையை விடுவதா? நோய் இருப்பது தெரிந்தால் தூசியிலிருந்து அவர் வெளியே வந்தே ஆகவேண்டும். படிந்த தூசியை எடுக்க மருந்து இல்லை, தூசியை விட்டு விலகிய பிறகும் சிலருக்கு நோய் வளர்கிறது. ஆனால் தூசியை விடுவது வேறு, வேலையை விடுவது வேறு. கன்ட்ரோல் ரூம், ஸ்டோர் மாதிரி தூசி இல்லாத இடத்துக்கு மாற்றச் சொல்லி மருத்துவரின் கடிதத்தோடு எழுத்துமூலம் கேட்கட்டும், நகலில் கையெழுத்து வாங்கட்டும். எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி, வேலை மாற்ற உத்தரவுகள், எல்லாவற்றின் நகலும் வேலையில் இருக்கும்போதே கைக்கு வந்துவிட வேண்டும். வெளியேறிய ஆளுக்கு அலுவலகக் கதவு மெதுவாகத்தான் திறக்கும். இழப்பீடு கேட்கக் காலக்கெடு உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் நோய் உறுதியான வாரமே தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. அவருடைய வேலை உடையை வீட்டில் உதறாதீர்கள். முடிந்தால் ஆலையிலேயே குளித்து மாற்றிக்கொண்டு வரட்டும். இல்லையென்றால் நேராகத் தண்ணீரில் போட்டு, தனியாகத் துவையுங்கள்.

டிவி சத்தத்தை நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. சல்லடை மாடியில் கை நீட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசவே கத்த வேண்டியிருந்தால், இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டியிருக்கும். 85-இல் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 94 என்றால் ஒரு மணி நேரம்தான். காது கேட்பதையும் சோதித்துவிடுங்கள், ஆனால் ஷிஃப்ட் முடிந்து வந்த கையோடு வேண்டாம். இரைச்சலில் மரத்துப்போன காது தப்பான கணக்குக் காட்டும். குறைந்தது 14 மணி நேரமாவது அமைதியில் இருந்திருக்க வேண்டும். வார விடுமுறைக்கு மறுநாள் காலையில், வேலைக்குப் போவதற்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கே ஊதுகிற சோதனையையும் முடித்துவிடலாம். நீங்களும் கூடப் போங்கள். மூச்சு வாங்குகிறதா என்று மருத்துவர் கேட்டால், அவர் "அப்படியொன்றும் இல்லை" என்றுதான் சொல்வார்.