கேத்தே கோல்விட்ஸின் கருமை – கடிதம்

அன்புள்ள சார்,

போன மாத உரையில் ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் பெயரைச் சொல்லிவிட்டு ஒரே நிமிடத்தில் கடந்துபோனீர்கள். வீட்டுக்கு வந்து இணையத்தில் அவருடைய படங்களைத் தேடிப் பார்த்தேன். இரண்டு நாள் மனசே சரியில்லை. இறந்த குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருக்கும் படத்தைக் கணவரிடம் காட்டினேன். “இதையெல்லாம் எதுக்குப் பார்த்துட்டு இருக்கே?” என்றார். முதல் உலகப்போரில் கோல்விட்ஸின் மகன் இறந்ததாகப் படித்தேன். இத்தனை கருமைக்கும் அந்த வேதனைதானே காரணம்? நானும் பொழுதுபோக்காக லினோகட் (லினோலியத் தகட்டை வெட்டி மைபூசி எடுக்கும் அச்சு) செய்கிறேன். எனக்கும் இருண்ட படங்கள்தான் வருகின்றன. ஆனால் என் வாழ்க்கையில் பெரிய துயரம் எதுவும் நடந்ததில்லை. அப்படியென்றால் நான் செய்வது பாவனையா?

எம்., கோவை

அன்புள்ள எம்,

நீங்கள் பார்த்த படம் 1903ல் செய்த எச்சிங், அதாவது உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடு அரித்து எடுத்த அச்சு. மகன் பீட்டர் இறந்தது 1914 அக்டோபரில், பெல்ஜியப் போர்முனையில். நடுவில் பதினோரு வருடம். அதைவிட விசித்திரம், அந்தப் படத்தில் இறந்து கிடக்கும் குழந்தைக்கு மாடலாக இருந்ததே பீட்டர்தான். ஏழு வயதுப் பையனைக் கையில் தாங்கிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்துத் தன்னையே வரைந்திருக்கிறார் கேத்தே. கனம் தாளாமல் அவர் முனகியபோது, சும்மா இரு அம்மா, படம் நன்றாக வரும் என்று பையன் சமாதானம் சொன்னானாம்.

ஆக, மகன் செத்தான், கலை கறுத்தது என்ற கணக்கு இங்கே செல்லாது. வாழ்க்கைக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நிறையவே இருக்கிறது. அதற்கு அவருடைய பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

கேத்தே 1867ல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தார். (இன்று ரஷ்யாவின் கலினின்கிராட்.) அவர் பிறக்கும் முன்பே அம்மா இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார். பிறகு கடைக்குட்டி பெஞ்சமினும் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அந்த நாட்களை கேத்தே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார்கள். அம்மா சூப் பரிமாறிக்கொண்டிருக்கிறார். தாதி கதவைத் திறந்து, குழந்தை மறுபடி வாந்தியெடுக்கிறது என்று கத்துகிறாள். அம்மா ஒரு கணம் விறைத்து நிற்கிறார். பிறகு அகப்பையை எடுத்து மிச்சப்பேருக்கும் பரிமாறுகிறார். பிள்ளைகள் முன்னால் அழவில்லை. கோல்விட்ஸின் தாய்மார்கள் வாய்விட்டுக் கதறுவது அபூர்வம். முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள், கையால் மூடிக்கொள்வார்கள். அது எங்கிருந்து வந்தது என்று இதைப் படித்தபோது எனக்குப் புரிந்தது.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். தம்பி இறந்த நேரத்தில் கேத்தே கட்டைகளை அடுக்கிக் கோயில் கட்டி, கிரேக்க ரோமானியக் கதைகளில் படித்த வீனஸுக்குப் பலி கொடுத்து விளையாடிக்கொண்டிருந்தார். பொய்த்தெய்வத்தைக் கும்பிட்டதற்காகக் கடவுள் தம்பியைத் தண்டனையாக எடுத்துக்கொண்டார் என்று அந்தச் சிறுமி நம்பினாள்.

இதை 1914க்கு நகர்த்துங்கள். பீட்டருக்குப் பதினெட்டு வயது. தானாகப் பட்டாளத்தில் சேர அப்பாவின் சம்மதம் வேண்டும். அப்பா கார்ல் மறுத்தார். மகனுக்காகப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தவர் கேத்தே. அக்டோபர் முடியுமுன் பையன் இல்லை. துயரத்தை விடக் கனமான ஒன்று அப்போது அவர் தலையில் ஏறுகிறது: நானே கொடுத்தேன் என்பது. பிறகு மரத்தைச் செதுக்கி அச்செடுத்த அவருடைய ‘போர்’ தொடரின் முதல் மரச்செதுக்குக்குப் பெயரே ‘பலி’. நிர்வாணமான ஒரு தாய் தன் பச்சைக்குழந்தையை இரு கையாலும் முன்னால் நீட்டுகிறாள். பிடுங்கிக்கொள்ள அந்தப் படத்தில் யாரும் இல்லை. அவளே கொடுக்கிறாள். அடுத்த படத்தில் மரணம் முரசடித்து முன்னே போக, இளைஞர்கள் பின்னால் போகிறார்கள். மரணத்தை ஒட்டி நிற்பவன் பீட்டர்.

கேத்தேயின் தாத்தா யூலியஸ் ரூப் அரசுத் திருச்சபையிலிருந்து வெளியேற்றப்பட்ட மதபோதகர். தனிச்சபை நடத்தியவர். கேத்தேயின் அப்பா சட்டம் படித்தவர். பிரஷ்ய அரசுக்கு ஊழியம் செய்ய மனமில்லாமல் கொத்துவேலை கற்று வீடு கட்டப் போனவர். கொள்கைக்காகக் கையிலிருப்பதை விடுவதைப் பெருமையாக எண்ணிய குடும்பம் அது. மகனை அனுப்பத் துணிந்த மனசை அந்த வளர்ப்புதான் உருவாக்கியது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்.

புகுந்த வீடும் உண்டு. கார்ல் டாக்டர், வடக்கு பெர்லினில் தொழிலாளர் பகுதியில் வைத்தியம் பார்த்தவர். நோயாளிப் பெண்கள் அங்கேயே வந்து கஷ்டத்தைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் கேத்தே ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறார்: ஆரம்பத்தில் தொழிலாளிகளை வரைந்தது இரக்கத்தால் இல்லை, அவர்கள் அழகாக இருந்ததால். நடுத்தர வர்க்கம் அவருக்குச் சலிப்பாக இருந்தது. இரக்கம் பிறகுதான் வந்தது. இந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

கருவியும் சும்மா இல்லை. வாழ்க்கையின் இருண்ட பக்கத்துக்கு வண்ணத்தைவிட அச்சும் கோடும்தான் பொருத்தம் என்று ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் கிளிங்கர் 1891ல் எழுதியதைப் படித்த பிறகே அவர் ஓவியத்தை விட்டு அச்சுக்கு வந்தார். பீட்டர் போன பிறகு எச்சிங்கும் லித்தோவும் (கல்லச்சு) அவருக்குப் போதவில்லை. 1920ல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாகின் மரச்செதுக்குகளைப் பார்த்துவிட்டு மரத்தைக் கையில் எடுத்தார். லினோ வெட்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம், வெட்டாமல் விட்டதெல்லாம் கறுப்பு. ‘போர்’ தொடரின் ‘பெற்றோர்’ படத்தில் மண்டியிட்ட இருவரும் ஒரே கறுப்புப் பாறை மாதிரி இருக்கிறார்கள். 1903 படத்தில் தசையும் எலும்பும் கோடுகோடாகத் தெரியும். இங்கே அந்த விவரம் ஒன்றும் மிஞ்சவில்லை. மகனின் மரணம் அவருக்குக் கருமையைக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கருமையிலிருந்து தேவையில்லாத கோடுகளை எடுத்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1903ல் கேத்தேயின் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருந்தார்கள். அந்தப் படம் பாவனை என்றால் உங்களுடையதும் பாவனை. பெரிய துயரம் நடந்ததில்லை என்கிறீர்கள், சந்தோஷம், நடக்கவும் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் யார் அழாமல் பரிமாறினார்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நடந்தது உங்களுக்காக இருக்க வேண்டியதில்லை.

கணவரிடம் வாதாடாதீர்கள். ‘போர்’ தொடரின் ஏழு மரச்செதுக்குகளையும் வரிசையாகக் காட்டுங்கள். ஆறாவது ‘தாய்மார்கள்’. பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து நிற்க, நடுவிலிருந்து இரண்டு குழந்தைகள் எட்டிப் பார்க்கும். அதை அவர் ரசிக்கக்கூடும். உங்கள் லினோகட்டுகளில் இரண்டு மூன்றைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்க்கிறேன்.