கொடைக்கானலில் கஞ்சா ரெய்டு: போலீஸ் எப்போது உள்ளே வரலாம், எப்போது பூட்டலாம்? – கேள்வி பதில்

வணக்கம். பழனி மலையில் பல வருடம் சார்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சீசன் நெருங்குவதால் காட்டேஜ்காரர்கள், ஜீப் ஓட்டுநர்கள், பெற்றோர்கள் என்று நிறைய பேர் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது நாம் என்.டி.பி.எஸ். என்று சொல்வது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெருமாள்மலையிலிருந்து ஒருவர்: சார், வாரண்ட் இல்லாமல் ராத்திரியில் வீட்டுக்குள் நுழைய போலீசுக்கு உரிமை உண்டா? சினிமாவில் வாரண்ட் காட்டு என்று கேட்கிறார்களே?

உண்டு. 42-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அரசு அதிகாரம் கொடுத்த, காவலர் நிலைக்கு மேலே உள்ள அதிகாரி, ஓர் இடத்தில் போதைப்பொருள் இருக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை வாரண்ட் இல்லாமலே நுழையலாம். தடுத்தால் கதவை உடைக்கலாம், பொருளைக் கைப்பற்றலாம், ஆளைக் கைது செய்யலாம். அஸ்தமனத்துக்கு அப்புறம் என்றால் இன்னொரு நிபந்தனை சேர்கிறது. வாரண்ட் வாங்கப் போனால் அதற்குள் சரக்கை மறைத்துவிடுவார்கள் அல்லது ஆள் தப்பிவிடுவான் என்று தான் நம்புவதற்கான காரணத்தை அவர் எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்த எழுத்து வேலையைப் பலர் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். நானும் இளம் வயதில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு டிசம்பர் இரவு, பனிமூட்டத்தில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. தகவல் வந்ததும் ஓடினோம். பிடித்தோம். இரண்டு கிலோவுக்கு மேல் கஞ்சா. வந்த தகவலை ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகுதான் நான் எழுதினேன். குறுக்கு விசாரணையில் வக்கீல் நேரத்தை மட்டும் கேட்டார்: தகவல் எத்தனை மணிக்கு, எழுதியது எத்தனை மணிக்கு, மேலதிகாரிக்கு நகல் போனது எப்போது? என்னிடம் பதில் இல்லை. வழக்கு விடுதலையில் முடிந்தது. அந்த ஆள் விற்றது பள்ளிக்கூடப் பையன்களுக்கு. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

வாய்வழி வந்த தகவலை எழுத வேண்டும், அதன் நகல் 72 மணி நேரத்துக்குள் நேரடி மேலதிகாரிக்குப் போக வேண்டும். 2009-இல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாக்கியது. அவசரத்தில் தாமதமானால் தகுந்த விளக்கம் சொல்லலாம், ஆனால் எழுதவே இல்லை என்றால் மன்னிப்பு கிடையாது. அதனால் இப்போது வேலையில் இருக்கும் தம்பிகளுக்கும் சொல்கிறேன்: ஜீப்பில் ஏறுவதற்கு முன் எழுதுங்கள்.

வட்டக்கானலில் இரண்டு காட்டேஜ் வைத்திருப்பவர்: ரூமில் தங்குகிறவர்கள் ஏதாவது வைத்திருந்தால் நான் எப்படி ஐயா பொறுப்பு? என்னையும் தூக்கிவிடுவார்களா?

நீங்கள் பயப்படுவது 25-ஆவது பிரிவைப் பற்றி. வீடு, அறை, வண்டி எதுவாக இருந்தாலும், தன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தைத் தெரிந்தே இந்தக் குற்றத்துக்கு விட்டவருக்கு, குற்றம் செய்தவருக்கு உள்ள அதே தண்டனை. இதில் "தெரிந்தே" என்ற சொல்தான் முக்கியம். விருந்தாளி பையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் குற்றமில்லை. ஆனால் வாரக் கடைசிதோறும் அதே ஆள் வருகிறான், பத்துப் பதினைந்து பையன்கள் வந்து போகிறார்கள், ஊரே பேசுகிறது, உங்களுக்கு மட்டும் தெரியாது என்றால் நீதிமன்றம் நம்பாது.

பதிவேட்டை ஒழுங்காக எழுதுங்கள். அடையாள அட்டை நகல் வாங்காமல் சாவி கொடுக்காதீர்கள். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசுக்குப் பதிவு செய்தே ஆக வேண்டும். சந்தேகம் வந்தால் 1933 என்ற தேசிய உதவி எண்ணிலோ ஸ்டேஷனிலோ சொல்லிவிடுங்கள். நீங்களே முன்வந்து சொன்ன பிறகு, தெரிந்தே விட்டீர்கள் என்று யார் சொல்ல முடியும்?

மூஞ்சிக்கல்லிலிருந்து ஓர் அம்மா: என் தங்கை லண்டனில் இருக்கிறாள். அங்கே போதை விற்கும் வீட்டை மூன்று மாதம் பூட்டிவிடுவார்களாம். நம் தெருவில் ஒரு வீட்டுக்கு அப்படிச் செய்ய முடியாதா?

உங்கள் தங்கை சொன்னது சரிதான் அம்மா. அங்கே 2014-இல் வந்த சட்டப்படி போலீசோ உள்ளாட்சியோ முதலில் 24 மணி நேரத்துக்கு மூடல் அறிவிப்பு ஒட்டலாம், உயர் அதிகாரி சொன்னால் 48 மணி நேரம் வரை. அதற்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனால் மூன்று மாதம் வரை பூட்ட உத்தரவு கிடைக்கும். நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அந்த வீட்டில் யாரையும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்று நிரூபித்தால் போதும்.

நம் என்.டி.பி.எஸ்.ஸில் அப்படி நேரடியான பூட்டும் பிரிவு இல்லை. இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சின்ன அளவு விற்கிறவன் ஜாமீனில் வந்து மறுவாரமே அதே திண்ணையில் உட்கார்வதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்!

ஆனால் வழியே இல்லை என்று நினைக்காதீர்கள். பொதுமக்கள் உடல்நலத்துக்குக் கேடான தொழில் நடந்தால் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவிட, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 152-ஆவது பிரிவில் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. தெருக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தேதி வாரியாக நடந்ததை எழுதி கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். அது அனுமதியில்லாத காட்டேஜாக இருந்தால் இன்னும் சுலபம். நகராட்சிக்கு எழுதுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் விதிமீறல் கட்டடங்களுக்கு இங்கே சீல் வைத்ததை நாம் எல்லோரும் பார்த்தோமே. அப்புறம், பெரிய கேஸ்களில் போதைப் பணத்தில் வாங்கிய வீடு, நிலம், வங்கிக் கணக்கை 68-எஃப் பிரிவில் முடக்கலாம். அதை உரிய அதிகாரி 30 நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும்.

வில்பட்டிப் பக்கத்து விவசாயி: என் பூண்டுக் காட்டுக்குப் பின்னால் ஓடையோரம் யாரோ கஞ்சா செடி வைத்திருக்கிறார்கள். சொன்னால் என் மேல் கேஸ் வருமா அண்ணே?

அந்த இடம் உங்கள் நிலத்தில் இருந்தால், சொல்லாவிட்டால்தான் வரும். தன் நிலத்தில் கஞ்சா பயிரானது தெரிந்த உடனே போலீசுக்குச் சொல்வது நிலத்துக்காரரின் கடமை என்று 46-ஆவது பிரிவு சொல்கிறது. நீங்களே பிடுங்கிப் போட வேண்டாம், தடயம் போய்விடும். தகவல் கொடுத்தது யார் என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது, 68-ஆவது பிரிவு அதற்குப் பாதுகாப்பு. தைரியமாகச் சொல்லுங்கள்.

ஒரு ஜீப் ஓட்டுநர்: வெள்ளி நீர்வீழ்ச்சிகிட்ட நிறுத்தி என்னையும் பையையும் சோதித்தார்கள். இது சரியா?

வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம். ஆனால் உங்கள் உடம்பைத் தொட்டுச் சோதிப்பதற்கு முன், "அருகிலுள்ள மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னால் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு" என்று அவர்கள் சொல்ல வேண்டும். இது 50-ஆவது பிரிவு. பைக்கு இது பொருந்தாது, உடம்புக்கு மட்டும்தான். பெண்களைப் பெண்தான் சோதிக்க வேண்டும். பயணி விட்டுப்போன பொட்டலம் வண்டியில் கிடைத்தால், உங்களுக்குத் தெரியாது, கவனமாகத்தான் இருந்தீர்கள் என்று நிரூபித்தால் வண்டி பறிமுதல் ஆகாது.

கல்லூரி மாணவர்: மலையில் தானாக முளைக்கும் போதைக் காளானைப் பறித்தால் என்ன குற்றம்?

அதில் உள்ள சைலோசைபின் என்ற போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது தம்பி. நீதிமன்றத்தில் வாதாடுவதற்கு இடம் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நீ ஜெயிலில் இருப்பாய். வேண்டாம்.

நாயுடுபுரத்திலிருந்து ஒருவர்: பக்கத்து விடுதிக்காரர் போட்டியில் பொய்த் தகவல் கொடுத்து என் வீட்டைச் சோதிக்க வைத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மானம் போனது.

வருத்தமாக இருக்கிறது. வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு பொய்த் தகவல் கொடுத்தவருக்கு 58-ஆவது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை. காரணமில்லாமல் தொல்லைக்காகச் சோதிக்கும் அதிகாரிக்கும் அதே பிரிவில் ஆறு மாதம் வரை உண்டு. இனி யாராவது சோதிக்க வந்தால் தடுக்காதீர்கள், ஆனால் உடனிருங்கள். ஊர்க்காரர் இரண்டு பேர் சாட்சியாக இருக்க வேண்டும், சோதனையில் நடந்ததை எழுதும் மகஜரின் நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். 2024 ஜூலை முதல் சோதனையை வீடியோ எடுப்பதும் கட்டாயம். எடுக்கிறார்களா என்று பாருங்கள், கேளுங்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு தாய்: என் பையன் புகைக்கிறான் ஐயா. போலீசில் சொன்னால் வாழ்க்கை போய்விடுமே?

அம்மா, அவனை விற்கிறவனோடு சேர்த்துச் சட்டம் பார்ப்பதில்லை. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு, இருபது கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. புகைத்ததற்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அடிமையானவன் தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேர்ந்தால் 64-ஏ பிரிவில் வழக்கிலிருந்தே விலக்கு கிடைக்கும். ஆனால் அந்தச் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டால் விலக்கையும் ரத்து செய்துவிடலாம்.

14446 என்ற எண்ணுக்கு முதலில் பேசுங்கள், போதை மறுவாழ்வு உதவிக்கான தேசிய எண் அது. திண்டுக்கல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆள் இல்லையென்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். நான் வருகிறேன்.