மற்ற ஒன்பது பேர்

கேள்வி: ஆறு ஆண்டுகளாக ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நோயாளிகளைத் தனியாகச் சென்று பார்த்து, ஜெபித்துவிட்டு வருகிறேன். ஒருவரும் நன்றி சொல்வதில்லை. முன்பிருந்த மகிழ்ச்சி வற்றிவிட்டது. நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகி

பதில்: சகோதரி, பைபிளில் லூக்கா 17ஆம் அதிகாரத்தில் இயேசுவால் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள். திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் யூதர்கள் அந்நியனாகப் பார்த்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுவே கேட்டார். ஆகவே உங்கள் வருத்தம் தவறல்ல. ஆனால் அந்த ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தை அவர் திரும்பப் பெற்றதாக அங்கே எழுதப்படவில்லை.

நானும் இதே குழியில் விழுந்தவன்தான். படுத்த படுக்கையாகக் கிடந்த முதியவர் ஒருவருக்கு வாரந்தோறும் சங்கீதம் வாசித்தேன். அவரோ சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். ஒரு நாள் எரிச்சலில் 23ஆம் சங்கீதத்தை அவசரமாக ஓட்டினேன். "தலைக்கு எண்ணெய் வார்க்கும் வரியை விட்டுவிட்டீரே" என்றார்! அத்தனை வாரமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நன்றி என்ற சொல்லை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

நிறுத்த வேண்டாம். ஒரு ஞாயிறு ஓய்வெடுங்கள். பிறகு துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். ஊழியத்துக்கு எழுபது சீடர்களை அனுப்பியபோதும் இயேசு இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார்.

இன்னொன்று: நீங்கள் நோயுற்றிருந்தபோது வந்து பார்த்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டீர்களா? நான் இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லவில்லை.