மறுபடியும் மணலுக்கே

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமங்களில் மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒன்றுக்கு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். நெத்திலியை மணலில் கொட்டிக் காயவைப்பதை விட்டு, தரைக்கு மேலே வலை கட்டிய பரணில் காயவைக்க மூன்று முறை பயிற்சி கொடுத்தோம். பரணும் போட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதம் செய்கிறார்கள், பிறகு மணலுக்கே போய்விடுகிறார்கள். பரணில் இப்போது துணி காய்கிறது. மாற்றத்துக்கு மனதளவில் தயாராக இல்லையோ என்று தோன்றுகிறது. மதுரையிலிருந்து ஊக்கப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்து நான்காவது பயிற்சி நடத்தலாமா?

க., மண்டபம்

அன்புள்ள க.,

வேண்டாம். இரண்டு மாதம் செய்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக, செய்முறை தெரியும், செய்யும் மனமும் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அவர்கள் எதையோ தெரிந்துகொண்டுதான் விட்டிருக்கிறார்கள். அது என்ன என்று யாராவது கேட்டார்களா?

என் ஊகம், எடை. உப்புப் போடாத நெத்திலி 100 கிலோவில் ஈரம் போக மிஞ்சுவது ஏறக்குறைய 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பரணில் அடியிலும் காற்று போவதால் நன்றாகக் காய்ந்து, ஆறில் ஒரு பங்கு ஈரத்தோடு எடுத்தால் கருவாடு 30 கிலோ நிற்கும். மணலில் அரைகுறையாகக் காய்ந்து 30 சதவீதத்துக்குச் சற்று மேல் ஈரம் இருந்தால் 36 கிலோ. ஒட்டிய மணல் தனி. வழக்கமான வியாபாரி இரண்டுக்கும் கிலோ 200 ரூபாய் என்றே போட்டால் மணல் கருவாட்டுக்கு 7,200, பரண் கருவாட்டுக்கு 6,000. பரண்காரிக்குக் கை கடிக்காமல் இருக்கவே கிலோவுக்கு 240 கிடைத்தாக வேண்டும். விலைகள் உதாரணத்துக்குச் சொன்னவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். சுத்தமாகச் செய்தவளுக்கு அபராதம் விதிக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு சுத்தத்தைப் பற்றி எத்தனை முறை வகுப்பெடுத்தாலும் என்ன பயன்?

நிர்வாகவியல் அறிஞர்கள் கிறிஸ் ஆர்கிரிஸும் டொனால்டு ஷோனும் 1978-இல் நிறுவனங்களின் கற்றலை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். தவறு நேர்ந்தால் செயலை மட்டும் திருத்துவது ஒன்று. அந்தச் செயலுக்குப் பின்னால் இருக்கும் விதியையே கேள்வி கேட்பது மற்றொன்று. ‘பரணில் எப்படிப் போடுவது’ முதல் வகை. அதை மூன்று முறை நடத்திவிட்டீர்கள். ‘ஏன் ஒரே வியாபாரிக்கு, ஒரே விலைக்கு, எடைக்கணக்கில் விற்கிறோம்’ என்பது இரண்டாவது. அதை எந்தப் பயிற்சியும் தொடவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

தொட்டால் உடனே, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் என்ற சிக்கல் வந்து நிற்கும். கரையில் காலையில் மீன் எடுக்க ரொக்கம் வேண்டும். அதை வியாபாரி கொடுத்திருந்தால் கருவாடு அவருக்குத்தான் போகும். பாக்கெட் போட்டு நகரத்துக் கடைக்குக் கொடுத்தால் விலை கூடலாம், ஆனால் பணம் வர 15 நாள் ஆகும் என்று வையுங்கள். ஒருத்தி தினம் 20 கிலோ, கிலோ 60 ரூபாய்க்கு எடுத்தால் அந்த 15 நாளுக்கு 18,000 ரூபாய் கையில் இருக்க வேண்டும். இந்த இடைவெளியை அடைக்காமல் எந்தப் பரணும் நிற்காது. ஊக்கப் பேச்சாளருக்குக் கொடுக்க நினைத்த தொகையைக் குழு தன் உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் உள்கடனில் சேருங்கள். எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்காமல், முன்பணம் குறைவாக வாங்கிய இரண்டு மூன்று பேரை முதலில் விடுவியுங்கள். முழுக்கக் கடனில் இருப்பவரை முதலில் இழுத்தால், வியாபாரி மீன் பணத்தை நிறுத்தும் நாளில் அவர் வீட்டில் அடுப்பு எரியாது.

உளவியலாளர் கர்ட் லெவின் சொன்னதும் இதுவே: முன்னால் தள்ளும் விசையைக் கூட்டினால் எதிர்ப்பும் இழுபறியும்தான் கூடும், பின்னால் பிடித்திருப்பதைத் தளர்த்துங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. மாட்டின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்க வைக்க, லெவின் குழுவினர் இல்லத்தரசிகளின் சில குழுக்களுக்கு விரிவுரை நடத்தினார்கள். வேறு சில குழுக்களைப் பேசித் தாங்களே முடிவெடுக்க விட்டார்கள். அதுவரை சமைக்காத ஒன்றைப் பிறகு சமைத்தவர்கள் முதல் வகையில் 3 சதவீதம், இரண்டாவதில் 32. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். யாரும் வகுப்பெடுத்து வந்த விதியல்ல அது.

ஆகவே ஒரு குழு மட்டும், இரண்டு பரண், இரண்டு மாதம். வாடை மழை ஓய்ந்த தை மாதத்தில் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பித்தால் பழி பரண் மேல் விழும். ஒரே நாள் மீனில் 10 கிலோ மணலில், 10 கிலோ பரணில். போடும்போதும் எடுக்கும்போதும் நிறுத்து, எடை, விற்ற விலை, செலவான நேரம் மூன்றையும் எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் எழுதுங்கள். கருவாட்டைத் தொடாத ஒருவர் எழுதும் கணக்கை யாரும் நம்ப மாட்டார்கள். தராசு அவர்கள் கையில் இருக்கட்டும்.

வாரக் கூட்டத்தில் சந்தா வசூலுக்கு முன்னால் இருபது நிமிடம்: என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த வாரம் என்ன மாற்றுவோம். அமெரிக்க ராணுவம் பயிற்சி முடிந்ததும் கேட்கும் கேள்விகள் இவை. நம் ஊரில் இது கெடுவது ‘ஏன்’ என்ற இடத்தில். குழுவை நடத்தும் ஊக்குநர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் ‘ஆமா அக்கா’ என்று முடித்துவிடுவார்கள். முதல் வார்த்தை, முதலில் மணலுக்குத் திரும்பியவருடையதாக இருக்கட்டும். நீங்கள் அந்த இருபது நிமிடமும் வெளியே இருந்தால் இன்னும் நல்லது. திட்ட அறிக்கைக்கு நல்ல செய்தி தேவைப்படுபவர் நீங்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரண்டு மாதக் கணக்கில், முன்பணம் இல்லாதவருக்கும் பரண் கருவாட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் விலை வரவில்லை என்றால் பரணைக் கழற்றிவிடுங்கள், வேறு சரக்கைப் பார்க்கலாம். வந்தால், மற்றக் குழுக்களுக்குப் பயிற்சி அறிவிக்காமல் அந்தச் சுவர்க் கணக்கைப் பார்க்க மட்டும் அழைத்து வாருங்கள். அதற்கு முன் ஒன்றை விசாரித்து எழுதுங்கள்: உங்கள் வியாபாரி, மணல் ஒட்டிய நெத்திலிக்கு எடையில் கழிவு பிடிக்கிறாரா? பிடித்தால் மேலே போட்ட கணக்கே மாறும்.