ஆபரேஷனே ஆகாத குழந்தைக்குச் சிறுகுடல் அடைப்பு எப்படி வருகிறது?

வயிற்றில் கத்தியே படாத ஏழு வயதுப் பையனுக்குச் சிறுகுடல் அடைப்பு. டாக்டர் ‘பிறவிக் கோளாறு’ என்கிறார். அப்படியென்றால் ஏழு வருடம் எப்படிச் சும்மா இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நியாயமான சந்தேகம். குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இது பழக்கமான கேள்விதான். பிறக்கும்போது இருந்தது ஒரு நாரோ ஓட்டையோதான். குடல் போய் அதில் மாட்டிக்கொள்ளும் நாள் வரை ஒரு தொந்தரவும் தெரியாது.

கருவில் குடலையும் கருவுணவுப் பையையும் ஒரு குழாய் இணைத்திருக்கும். பிறப்பதற்கு வெகு முன்பே அது மறைந்துவிட வேண்டும். குடல் பக்கம் கொஞ்சம் மிஞ்சினால் அதுதான் மெக்கல் பை. 1809-ல் ஜெர்மன் உடற்கூற்றியலாளர் மெக்கல் விவரித்தது. சுமார் 2 சதவீதம் பேருக்கு இது உண்டு, பெரும்பாலோருக்குக் கடைசி வரை தெரியவே தெரியாது. சிலருக்கு மட்டும் அதிலிருந்து தொப்புள் வரை ஒரு நார் ஓடும். குடல் அதைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும், இல்லையென்றால் அதன் அடியில் நுழைந்து நெரிபடும்.

குடலைத் தாங்கும் சவ்வில் பிறவி ஓட்டை இருந்து, அதற்குள் குடல் நழுவுவதும் உண்டு. வெளியே வீக்கமே தெரியாத உள் குடலிறக்கம் இது. முன்சிறுகுடலுக்குள் நடுவே துளையுள்ள சவ்வு இருந்தால் பால் இறங்கிவிடும், திட உணவு தொடங்கிய பிறகுதான் வாந்தி ஆரம்பிக்கும்.

எங்களை அதிகம் பயமுறுத்துவது குடல் சுழற்சிக் கோளாறு. கருவில் குடல் 270 டிகிரி சுழன்று, வயிற்றில் அகலமாகப் பரந்து ஒட்ட வேண்டும். சுழற்சி பாதியில் நின்றால் ஒட்டும் அடிப்பகுதி குறுகிப்போகும், மொத்தச் சிறுகுடலும் அந்தக் காம்பிலேயே முறுக்கிக்கொள்ளலாம். ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். பெரும்பாலும் முதல் மாதத்திலேயே வரும், ஆனால் எந்த வயதிலும் வரலாம். 1936-ல் பாஸ்டனின் வில்லியம் லாட் விவரித்த ஆபரேஷனைத்தான் இன்றும் செய்கிறோம். முறுக்கைப் பிரித்து, அழுத்தும் நார்களை வெட்டி, சிறுகுடலை வலப்பக்கமும் பெருங்குடலை இடப்பக்கமும் வைத்துவிடுவோம். வழக்கமான இடத்தில் திருப்பி வைப்பதில்லை என்று சொன்னால் பெற்றோர் திகைத்துப் போவார்கள்! குடல்வால் இடப்பக்கம் போய்விடுவதால், பின்னாளில் அங்கே வலி வந்து யாரையும் குழப்பாமல் இருக்க அதையும் பெரும்பாலும் எடுத்துவிடுவோம்.

ஸ்கேனில் அடைப்பு தெரியும், நார் பல நேரம் தெரியாது. வயிற்றைத் திறந்த பிறகே காரணம் புரிவது சகஜம். எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது என்று மட்டும் நம்பிக் குடல் முறுக்கை ஒதுக்கிவிடக் கூடாது. பச்சை நிறத்தில் வாந்தி வந்தால், குறிப்பாகப் பச்சைக் குழந்தைக்கு, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கொண்டுபோங்கள்.

அப்புறம், உள்ளே என்ன இருந்தது, எதை வெட்டினார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷனுக்குப் பின் குடல் ஒட்டிக்கொண்டு மறுபடி அடைப்பு வரலாம். அன்றைக்குப் பார்க்கும் டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.